தட்டிய விரலும் கேட்ட செவியும்

சந்தைக்கு வருகிறாள் மூதாட்டி. மண்பானைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே நிறம், ஒரே வடிவம். கண்ணுக்கு எல்லாம் நல்ல பானைகளே. ஆனால் அவள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. ஒன்றை எடுக்கிறாள், விரலை மடக்கித் தட்டுகிறாள், செவி சாய்க்கிறாள். 'கணீர்' என்றால் காசு கைமாறும். 'பொத்'தென்றால் பானை பழைய இடத்துக்கே போகும். விற்பவர் எவ்வளவுதான் புகழ்ந்து பேசினாலும், பானை தன்னைப்பற்றித் தானே தரும் சாட்சியைத்தான் அவள் கேட்கிறாள். தேங்காயையும் தட்டுகிறோம், பலாவையும் தட்டுகிறோம். உள்ளே இருப்பதை வெளியிலிருந்து அறியும் கலை அது.

பானையைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த மனிதகுலம், மனிதனின் மார்பை முறையாகத் தட்டிப் பார்த்து, கேட்ட ஒலிக்கு இன்ன பொருள் என்று நூல் எழுத எத்தனை காலம் காத்திருந்தது? 1761ஆம் ஆண்டு வரை!

ஏன் இந்தத் தாமதம்? விண்மீன்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டவர்கள், பெருங்கடலைக் கலமேறிக் கடந்தவர்கள், வானளாவக் கோபுரம் எழுப்பியவர்கள், இவர்களுக்கு ஒரு விரலால் மார்பைத் தட்டுவது எட்டாத கலையா? அல்ல, தோழர்களே! இரண்டு தடைகள் குறுக்கே நின்றன. ஒன்று, ஏட்டின்மீது கொண்ட பக்தி. மற்றொன்று, கையின்மீது கொண்ட இளப்பம். அந்த இரண்டையும் மருத்துவ உலகம் எவ்வாறு கடந்தது என்ற வரலாற்றையே நாம் இங்கு எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

தொடக்கம் தவறானதாக இல்லை. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க நாட்டில், ஹிப்போகிராட்டஸ் வழிவந்த மருத்துவர்கள் நோயாளியின் உடலையே ஏடாகக் கொண்டு படித்தனர். சாவு நெருங்கிய முகத்தில் மூக்கு கூர்ந்து கண் குழிவதை எழுதி வைத்தனர். நெடுநாள் மார்பு நோயில் நகம் வளைவதைக் கண்டனர். நோயாளியின் தோளைப் பற்றிக் குலுக்கி, மார்புக்குள் நீர் தளும்பும் ஓசையைக் கேட்டனர். வலிப்பு நோயைத் தெய்வ நோய் என்று மக்கள் அஞ்சி நடுங்கிய காலத்தில், மற்ற நோய்களில் இல்லாத தெய்வத்தன்மை எதுவும் இதில் இல்லை, இதற்கும் இயற்கையான காரணம் உண்டு, அது மூளையில் இருக்கிறது என்று அவர்களது நூல் ஒன்று துணிந்து வாதிட்டது.

இந்த விதை மரமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலென் தோன்றினார். அவரும் ஆராய்ச்சியாளரே, குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்தவர்தாம். ஆனால் அவருக்குப் பின் வந்தோர், அவர் ஆராய்ந்ததுபோல் தாமும் ஆராயவில்லை; அவர் எழுதியதை ஓதினர். ஆராய்ச்சியாளரை ஆசாரியராக்கினர், ஏட்டை வேதமாக்கினர். பதின்மூன்று நூற்றாண்டுகள் இப்படியே கழிந்தன. 1543இல் வெசாலியஸ் மனித உடலையே அறுத்துப் பார்த்து, காலென் எழுதியவற்றுள் பல மனித உடலுக்குப் பொருந்தவில்லை என்று காட்டியபோது, கண்ணெதிரே கிடந்த உடலை நம்பாமல் ஏட்டை நம்பிய பேராசிரியர்களும் இருந்தனர்!

ஏட்டுப் பக்தியோடு கை இளப்பமும் கூடிற்று. அந்நாளைய ஐரோப்பியப் பல்கலைக்கழக மருத்துவர் எப்படிப்பட்டவர்? நீண்ட அங்கி, நாவில் இலத்தீன், கையில் சிறுநீர்க் குப்பி. நோயாளி சொல்வதைக் கேட்பார், நாடி பார்ப்பார், குப்பியை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார், மருந்து எழுதுவார். புண்ணை அறுப்பது, எலும்பைக் கூட்டுவது, உடலைப் பிடித்து அழுத்துவது எல்லாம் 'கீழான' வேலை. அதற்கு வேறு ஆட்கள் உண்டு. இலண்டனில் 1540 முதல் 1745 வரை அறுவை மருத்துவர்களும் முடிதிருத்துவோரும் ஒரே சங்கத்தில் இருந்தனர். நூல் ஓதியவர் உயர்ந்தவர். கை நனைத்தவர் தாழ்ந்தவர்! இந்தப் பாகுபாட்டைப் படிக்கும்போது, நமக்கு நன்கு பழகிய ஏதோ ஒன்று நினைவுக்கு வருகிறதல்லவா?

இந்த உலகத்திற்குள்தான் ஒரு விடுதிக்காரரின் மகன் நுழைகிறார். பெயர் லியோபோல்ட் ஆவென்பிருகர். 1722இல் ஆஸ்திரிய நாட்டின் கிராட்ஸ் நகரில் பிறந்தவர். தந்தையின் விடுதியில் மதுப் பீப்பாய்கள் உண்டு. பீப்பாயைத் தட்டினால் காலியான பகுதி கும்மென்று முழங்கும். மது நிற்கும் பகுதி மந்தமாக ஒலிக்கும். அந்த அனுபவமே பின்னாளில் அவருக்கு வழிகாட்டிற்று என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. வியன்னாவில் ஸ்பானிய மருத்துவமனையில் பணியாற்றியபோது, நோயாளிகளின் மார்பை விரல்நுனிகளால் தட்டிக் கேட்டார் அவர். நலமுள்ள மார்பு, கம்பளித் துணி போர்த்திய முரசுபோல் ஒலித்தது. உள்ளே நீரோ கட்டியோ இருந்த இடம் மந்தமாயிற்று. சதையைத் தட்டினாற்போல் ஒலித்தது.

கேட்டதோடு அவர் நிற்கவில்லை. இறந்தோர் உடலைத் திறந்து, தாம் கேட்ட ஒலி சொன்னது மெய்யா என்று சரிபார்த்தார். பிணத்தின் மார்புக்குள் நீரைச் செலுத்தி, நீர்மட்டம் ஏறும் அளவுக்கு ஒலி மந்தமாவதைச் சோதித்தார். ஏழு ஆண்டுகள் இந்த உழைப்பு! அதன்பின், 1761இல், நூறு பக்கத்துக்கும் உட்பட்ட சிறு நூலாக அதை வெளியிட்டார். பொறாமையும் ஏளனமும் தம்மைத் தொடரும் என்பதை முன்னுரையிலேயே எதிர்பார்த்து எழுதினார்.

அதே 1761ஆம் ஆண்டு, இத்தாலியின் படுவா நகரில், 79 வயது முதியவர் மோர்கானி தம் பெருநூலை வெளியிட்டார். ஏறத்தாழ 700 உடல்களை அறுத்துப் பார்த்து, உயிரோடிருந்தபோது கண்ட துன்பத்தையும், இறந்தபின் உள்ளே கண்ட கேட்டையும் இணைத்துக் காட்டினார். நோய் என்பது உடலெங்கும் சுற்றித் திரியும் ஏதோ ஒரு தீய திரவம் அன்று. அதற்கு இருப்பிடம் உண்டு என்பது அவர் முடிவு. இருப்பிடம் உண்டு என்றார் ஒருவர். அந்த இருப்பிடத்தை உயிருள்ளபோதே கண்டறிய வழி உண்டு என்றார் மற்றொருவர். ஒரே ஆண்டில் இரு விளக்குகள்!

உலகம் கொண்டாடியதா? மோர்கானியைப் போற்றிற்று, ஆவென்பிருகரைப் பொருட்படுத்தவில்லை. ஒருசிலரைத் தவிர மருத்துவ உலகம் அந்தச் சிறு நூலைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. அவர் சோர்ந்துவிடவில்லை, நோயாளிகளைப் பார்த்து வந்தார். இசையறிந்தவர், சாலியரி இசையமைத்த நாடகம் ஒன்றுக்கு உரையும் பாட்டும் எழுதிக் கொடுத்தார். ஆனால் அவர் விரல் எழுப்பிய இசையைக் கேட்க ஆளில்லை. 47 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1808இல்தான் நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் அந்த நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து, விரிவான உரையுடன் வெளியிட்டார். தமது கண்டுபிடிப்பாகவே அதை அவர் ஆக்கிக்கொண்டிருக்கலாம், கேட்பாரில்லை. ஆனால் உரிமை ஆவென்பிருகருக்கே உரியது என்று வெளிப்படையாக எழுதினார். பேரரசனின் மருத்துவர் விடுதிக்காரர் மகனுக்குச் செலுத்திய அந்த மரியாதையைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்த ஆண்டே, 1809இல், 86 வயதில் ஆவென்பிருகர் மறைந்தார்.

1761இல் விழாத விதை 1808இல் ஏன் வேரூன்றியது? இடையில் ஒரு புரட்சி நடந்திருந்தது! 1789இல் பிரான்சு மன்னராட்சியை மட்டும் உலுக்கவில்லை. மருத்துவக் கல்வியையும் உலுக்கிற்று. 1794இல் புதிய மருத்துவப் பள்ளிகள் தோன்றின. மருத்துவமும் அறுவையும் ஒரே கூரையின்கீழ் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. ஓதியவரும் கை நனைத்தவரும் ஒருவரே ஆயினர். மாணவர்கள் ஏட்டைவிட அதிகமாக நோயாளியைப் பார்க்க வேண்டும், தம் கையால் செய்ய வேண்டும் என்பது புதிய நெறியாயிற்று. கைமீதிருந்த இளப்பம் நீங்கியதும் அறிவு பாய்ந்து வந்தது.

கோர்விசாரின் மாணவர் ரெனே லென்னெக். 1781இல் பிரித்தானி வட்டாரத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். 1816இல் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில், இதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். பருத்த உடலாதலால் தட்டிப் பார்த்துப் பயனில்லை. நேரே மார்பில் காதை வைத்துக் கேட்பது அவள் வயதையும் பெண்மையையும் எண்ணிப் பொருந்தாது. மரத்துண்டின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்ற உண்மை அவர் நினைவுக்கு வந்தது. தாள்கட்டு ஒன்றை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். வெறுங்காதுக்குக் கேட்டதைவிடத் தெளிவாக இதயம் பேசிற்று!

தாள் குழல் மரக்குழலாயிற்று. கடைசல் எந்திரத்தில் தாமே அதைக் கடைந்தெடுத்தார். ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள அந்த மரக்குழலே இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பின் மூதாதை. மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு ஒலிக்கும் பொருள் தேடினார். நுரையீரல் அழற்சியின் தொடக்கத்தில் கேட்கும் ஒலி, சூடான சட்டியில் உப்பு வெடிப்பது போன்றது. மார்பில் நீர் கோத்தவரின் பேச்சு, குழல்வழியே ஆடு கத்துவது போன்றது. இப்படி அடுப்பங்கரையிலும் ஆட்டுப்பட்டியிலும் உவமை தேடி எடுத்தார். அவரும் இறந்தோர் உடலைத் திறந்து, கேட்டதைச் சரிபார்த்தார். 1819இல் நூல் வெளிவந்தது. 1826இல், 45 வயதில், தாயைக் கொன்ற காசநோய்க்கே அவரும் இரையானார். அவர் மார்பில் அதே குழலை வைத்துக் கேட்டவர் அவர் உறவினரான இளம் மருத்துவர் மேரியாதெக்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லென்னெக் ஆழ்ந்த மதப்பற்றுடையவர், முடியாட்சியை விரும்பியவர். ஆயினும், நோயாளியின் மார்பருகே நின்றபோது அவர் ஏட்டையும் கேட்கவில்லை, வானத்தையும் கேட்கவில்லை, மார்பைக் கேட்டார். கேட்டது தவறாக இருக்கலாம் என்று ஐயுற்றுத் திறந்து பார்த்தார். பகுத்தறிவு என்பது நெற்றியில் எழுதி ஒட்டும் பெயர் அன்று, சரிபார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கம் எவரிடம் இருந்தாலும் உலகம் அவருக்குக் கடன்பட்டதே.

மற்றொரு கடனையும் சொல்ல வேண்டும். எவருடைய மார்புகள் அவை? பாரிசின் பொது மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஏழைகள். செல்வர் தம் மாளிகையிலேயே மருத்துவம் பெற்றனர். தட்டக் கொடுத்த மார்பும், கேட்கக் கொடுத்த மூச்சும், இறந்தபின் திறக்கப்பட்ட உடலும் உழைப்பாளரும் ஏழைகளும் தந்தவை. அவர்கள் பெயர் எந்த நூலின் அட்டையிலும் இல்லை. இன்று மன்னரும் வணிகரும் பெறும் மருத்துவத்தின் அடித்தளத்தில் கிடப்பது அந்தப் பெயரற்றோர் தந்த அறிவு.

அறிகுறியைக் கண்டால் மட்டும் போதுமா? போதாது, எண்ணிப் பார்க்கவும் வேண்டும். குருதியை வடித்தால் நோய் தணியும் என்ற நம்பிக்கையால் 1833இல் மட்டும் பிரான்சு 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிற்று. பியேர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளைக் கணக்கெடுத்தார்; 1835இல் வெளியிட்ட நூலில், நுரையீரல் அழற்சிக்குக் குருதி வடிப்பதால் விளையும் பயன் மிகச் சிறிது என்று காட்டினார். லைப்சிக் நகரில் வுண்டர்லிக் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைக் குறித்து 1868இல் நூல் வெளியிட்டார். காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி என்ற தெளிவு அதன்பின்தான் நிலைபெற்றது. 1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் காற்றுப் பட்டை கட்டிக் குருதி அழுத்தம் அளந்தார். 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ் அந்தப் பட்டையின்கீழ் லென்னெக்கின் குழலை வைத்துக் கேட்டார். அவர் எழுதியது ஒரு பக்கத்தில் அடங்கும் சிறு குறிப்பு. இன்றும் சிற்றூர் மருத்துவமனையில் கையில் பட்டை கட்டிக் குழல் வைத்துப் பார்க்கும் முறை அதுவே.

இனி நம் பக்கம் திரும்புவோம். நம் சித்த மருத்துவமும் எண்வகைத் தேர்வு வகுத்திருந்தது: நாடி, தொடுதல், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். எட்டில் ஒன்று தொடுதல்! மருந்து கொடுக்குமுன் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவரும் முறை வகுத்தார். அறிவு இருந்தது. ஆனால் தொடலாம் என்று மருத்துவம் சொன்னபோது, தொடாதே என்று சாதி சொன்னது! நெருங்கினாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர் மார்பில் எவர் விரல் தட்டும்? எவர் செவி பதியும்? பிணத்தைத் தொடுவதும் தீட்டாயிற்று. திறந்து சரிபார்க்கும் வழி அடைபட்டது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா ஆசாரத்தை மீறி மனித உடலை அறுத்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது.

பெண்களின் நிலை இன்னும் கொடிது. ஆண் மருத்துவர் தொடலாகாது. பெண் மருத்துவரோ இல்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களுக்கு இடமளித்தது. 1885இல் அவர் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அதன் பெயரிலேயே 'சாதி, கோஷாப் பெண்களுக்கு' என்று பொறிக்க வேண்டியிருந்தது! இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படுவது அதுதான். 1912இல் அதே கல்லூரியில் முத்துலட்சுமி பட்டம் பெற்றார். தமிழ்ப் பெண்ணின் நோயைத் தமிழ்ப் பெண்ணே தொட்டறியும் காலம் பிறந்தது.

தொடுதலின் வலிமைக்குத் தொழுநோயைவிடச் சான்று வேண்டுமா? உலகம் தொட அஞ்சிய நோய் அது. அதை அறியும் வழியே தொடுதல்தான்! வெளிறிய தேமல், அதன்மீது பஞ்சால் தொட்டால் உணர்ச்சி இல்லை. அதுவே அறிகுறி. 1873இல் நார்வே நாட்டு ஹேன்சன் அதன் கிருமியைக் கண்டார். 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தத் தொடங்கினார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் அது முற்றும் குணமாகும் நோயாயிற்று. சாபம் என்று ஒதுக்கினர் பலர். தொட்டுப் பார்த்து, நோய் என்று கண்டு, குணப்படுத்தினர் சிலர்.

காசநோயின் கதையும் அத்தகையதே. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டாலும், ஓய்வு இல்லத்தில் படுத்திருந்தோரைப் போலவே குணமடைகின்றனர் என்று 1959இல் மெய்ப்பித்தது. குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் கேடு இல்லை. உலகம் தன் முறையை மாற்றிக்கொண்டது.

இந்த வரலாறு இளைஞர்களுக்கு இடும் பணி என்ன? நாமெல்லாரும் மருத்துவராகிவிட முடியாது, ஆகவும் வேண்டாம். மருந்து எழுதுவது நம் வேலையன்று. ஆனால் பார்க்கலாம், கேட்கலாம், எண்ணலாம். பள்ளியில் நம் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தை ஆசிரியராகிய நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கீழ் இமையைச் சற்றே இழுத்துப் பாருங்கள். உட்புறம் வெளுத்திருந்தால் அது சோகையாக இருக்கலாம். விழியின் வெள்ளையில் நுரை படிந்தாற்போல் ஒரு திட்டு தெரிகிறதா? 1863இல் பிரெஞ்சு மருத்துவர் பீத்தோ எழுதி வைத்த அறிகுறி அது. வைட்டமின் ஏ குறைவைக் காட்டும். அந்தியில் தடுமாறும் பிள்ளைக்கு மாலைக்கண். கவனியாது விட்டால் பார்வையே போகும். பகல் வெளிச்சத்தில் விழி மஞ்சளித்தால் காமாலை. காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தபின் குழி நின்றால், உள்ளே நீர் கோத்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு, சளியில் குருதி, இவற்றுள் எது இருந்தாலும் சளிச் சோதனைக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். இருமும் குழந்தை அமைதியாக இருக்கையில், கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணை எட்டினால் நுரையீரல் அழற்சி என்று ஐயுற வேண்டும். மந்திரிப்பவரைத் தேடும் நேரமல்ல அது. மருத்துவமனைக்கு ஓடும் நேரம்.

அறிகுறி தீர்ப்பு அன்று, அது சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பெழுதுவதும் மடமை. சாட்சி கூண்டில் நின்று கதறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும் மடமை. ஆவென்பிருகர் சொன்ன சாட்சியை 47 ஆண்டுகள் கேளாதிருந்த மருத்துவ உலகத்தை நாம் எளிதில் ஏளனம் செய்துவிடலாம். அந்த 47 ஆண்டுகளில், மார்பில் நீர் கோத்து, காரணம் அறியப்படாமலே மாண்டவர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால் ஏளனம் வராது, அச்சமே வரும். ஏனெனில், வெளுத்த இமையோடு ஒரு சிறுமி வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்க, 'படிப்பில் மந்தம்' என்று அவளைக் கடிந்துவிட்டு நாம் பாடத்தைத் தொடர்வோமானால், நாமும் அந்த ஏட்டுப் பண்டிதர் கூட்டத்தில்தான் சேர்கிறோம்.

தொட்டால் தீட்டு என்ற சட்டத்தை 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு சாய்த்தது. தொடாமல் இருந்தால் அறியாமை என்ற பாடத்தை இனி நம் கைகள் கற்க வேண்டும். அந்தச் சிறுமியின் இமையை இழுத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.